நான் மாற்றிச் சொன்ன பதில்

பிம்ப்ரியில் அண்ணன் இருபது வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. கோயம்புத்தூரிலிருந்து என்னைப் புனேவுக்கு அழைத்துவந்து, ஔந்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை கிடைக்கும்வரை தன் வீட்டில் வைத்துக்கொண்டவர் அவர்தான்.

முதல் சில மாதங்கள் அலைந்தார். ஹிஞ்சவாடியில் புதிது புதிதாகக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. லேத் மெஷின் வேலை மட்டும் தெரிந்தவரை அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் வெளியே போவதையே நிறுத்திவிட்டார். குளிக்கச் சொன்னால் குளிப்பார், இல்லாவிட்டால் கட்டிலிலேயே கிடப்பார். அண்ணி ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர்கள் மகளின் கல்லூரிக் கட்டணத்தை நான் கட்டினேன். அது தெரிந்த நாளிலிருந்து அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. காய்க்காரரோடு மராத்தியில் கேலி பேசிக்கொண்டே பேரம் முடிக்கிற மனிதர், யார் எந்த மொழியில் கேட்டாலும் தமிழில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் இளம்பெண். அவர் இந்தியில் கேட்க, அண்ணன் என்னிடம் தமிழில் சொல்ல, நான் இந்தியில் திருப்பிச் சொன்னேன். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று டாக்டர் கேட்டார்.

“தெனமும் தோணுதுன்னு சொல்லு. காலைல கண்ணு முழிச்சதும் அதான் தோணுது” என்றார் அண்ணன்.

நான் டாக்டரிடம், “சில சமயம் அலுப்பாக இருக்கிறதாம்” என்றேன். அவர் மாத்திரை எழுதிக்கொடுத்து அடுத்த மாதம் வரச் சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் அண்ணன் கேட்டார்: “எனக்கு இந்தி மறந்துபோச்சுன்னு நெனச்சியா?”

நான் மருந்துச் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

“நான் சொன்னத நீ சொல்லலியே.”

“பயமா இருந்துச்சுங்ணா. உங்கள அங்கியே வெச்சுக்குவாங்களோன்னு.”

“எனக்குந்தான் பயமா இருக்குது. அதான் உங்கிட்டச் சொன்னேன்.”

பஸ் வந்தது. நாங்கள் ஏறவில்லை. திரும்பி நடந்தோம். டாக்டர் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்லிவிட்டேன் என்று ஆரம்பித்தேன். மீதியை அண்ணனே சொன்னார், மெதுவாக, இந்தியில். டாக்டர் பூட்டைத் திறந்து எங்களை உட்காரவைத்தார். அன்றைக்கே அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். அதன் பிறகும் ஓரளவு தேற இரண்டு வருடம் ஆயிற்று. மாத்திரைகள் மாறின, நன்றாக இருக்கும் மாதமும் வந்தது, மறுபடி கட்டிலோடு கிடந்த மாதமும் வந்தது. கடைசியில் கோந்த்வாவில் ஒரு சின்னப் பட்டறையில் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. தவறாமல் போய்வந்தார்.

ஆனால் கேலியும் சிரிப்பும் திரும்பவில்லை. “ஆளு இருக்காரே, அது போதும்” என்பார் அண்ணி. நானும் தலையாட்டுவேன். எனக்கு அது போதவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரை வைத்துக்கொண்டே அவருக்காக ஏங்குவதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது?