எலக்ட்ரிக் கண்ணுக்கு வைத்த பொட்டு

போன வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுக் கோமதி புதுக் கலர் டிவி வாங்கினாள். பூஜைக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தாள். சந்தனத்தைத் தொட்டு டிவி கண்ணாடிக்கு நேராக அவள் கையைக் கொண்டுபோனதும், என் வீட்டுக்காரர், "கண்ணாடில வைக்காத தாயி, பக்கவாட்டுல வையி" என்றார். அதட்டல் மாதிரி வந்துவிட்டது. உடனே எழுந்து வீட்டுக்கும் வந்துவிட்டார்.

கோமதிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது... உங்களிடம் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மூன்று வருஷம் இருக்கும். அப்போது இவர் மேலகரம் பக்கம் ஒரு மாவு மில்லில் எலக்ட்ரீஷியன். எங்கள் மகன் சங்கரன் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். பரோடாவில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மில் முதலாளி, மாவு மூடைகளைப் பெல்ட்டில் தானாக நகர்த்தி நிறுத்தும் கன்ட்ரோலர் பெட்டி ஒன்றுக்குச் சொல்லி வைத்தார். அதற்கு ப்ரோக்ராம் எழுதும் வேலை சங்கரனுக்கு. ஒழுங்காக ஓடிவிட்டால் மில்லிலேயே நிரந்தர வேலை. மகன் எங்களோடு இருப்பான். வேறென்ன வேண்டும்?

பெட்டி வந்துசேர நாளாகும் என்றார்கள். அவன் காத்திருக்கவில்லை. தென்காசியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் சிநேகிதனிடம் ஒன்றை இரவல் வாங்கி வந்து, அதையே அந்தப் பெட்டி மாதிரி நடிக்க வைத்தான். திரையில் ஒரு கோடு — அது பெல்ட். ஒரு வட்டம் — அது மோட்டார். மூடை வருவதைப் பார்க்கும் எலக்ட்ரிக் கண்ணுக்குப் பதிலாகக் கீபோர்டில் ஒரு கட்டை. அதை அமுக்க ஓர் ஆள் வேண்டுமே... நான்தான்.

அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். தொடவே பயம். "சும்மா அமுக்கும்மா. நீ அமுக்குனா மூடை வந்து நிக்குதுன்னு அர்த்தம். கைய எடுத்தா போயிட்டுன்னு அர்த்தம்" என்றான்.

அமுக்கினேன், மோட்டார் நின்றது. விட்டேன், ஓடியது. மூடை சிக்கினால்? இரண்டு சேர்ந்து வந்தால்? கரண்ட் போய் வந்தால்? — சாரல் காலத்தில் அதைக் கேட்கவா வேண்டும்! எல்லாம் செய்து பார்த்தோம். இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். மகன் மேல் அவ்வளவு பெருமை.

பெட்டி வந்தது. ஓட்டிக் காட்டும் அன்று இவர்தான் முந்திப் போய்ப் பூஜை போட்டார். பெட்டிக்கு, மோட்டாருக்கு, சுவிட்சுக்கு... எங்கள் ஊரில் எந்த மெஷினைப் பொட்டில்லாமல் ஓட்டியிருக்கிறார்கள்? எலக்ட்ரிக் கண்ணுக்கும் நட்டநடுவில் சந்தனம் வைத்துவிட்டார்.

கண் மறைந்தால் மூடை நிற்பதாக அர்த்தம். பெல்ட் நகருமா? வந்திருந்த பெரிய மனிதர்கள் முன்னால் மெஷின் அசையவில்லை. சங்கரன் ப்ரோக்ராமையே திரும்பத் திரும்பத் துழாவினான். மத்தியானம் முதலாளி பொறுமையிழந்து, கழற்றித் திருப்பி அனுப்பு, பழைய சுவிட்சே போதும் என்றுவிட்டார்.

கழற்றும்போதுதான் சங்கரன் பொட்டைப் பார்த்திருக்கிறான். துடைத்துவிட்டு, இன்னொரு தடவை ஓட்டிக் காட்டட்டுமா என்று கேட்டானாம். இவ்வளவு நேரம் தப்பு எதில் இருந்தது என்றாராம் முதலாளி. என் ப்ரோக்ராமில்தான் என்றானாம். அப்படியானால் வேண்டவே வேண்டாம் என்று முதலாளி அத்தோடு முடித்துவிட்டாராம்.

மறுநாள் பெட்டியைக் கட்டி அனுப்பப் போன இவர், கண்ணின் ஓரத்தில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்தார். நேரே வீட்டுக்கு வந்தார். சங்கரன் பரோடாவுக்குத் துணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அது நான் வச்ச பொட்டுலே."

"தெரியும்ப்பா."

"ஏன்லே சொல்லல?"

"சொன்னா அத்தன பேரு முன்னால உங்களையில்லா ஏசுவாரு."

"ஏசட்டுமே... நீ இங்கன இருந்திருப்பியே."

அவன் அடுத்த சட்டையை எடுத்து மடித்தான். இவர் முதலாளியிடம் போய் எல்லாம் சொன்னார். பெட்டியை லாரி ஏற்றியாச்சே அண்ணாச்சி என்று அவர் கையை விரித்துவிட்டார்.

இந்தச் சாரலுக்குச் சங்கரன் இரண்டு நாள் வந்திருந்தான். அங்கேயும் கம்ப்யூட்டரில் முதலில் இப்படித்தான் ஓட்டிப் பார்ப்பானாம். கண் மறைந்துபோனால் என்ன ஆகும் என்று சோதிக்கவே தனியாக ஒரு கட்டை வைத்திருக்கிறானாம்.

அதற்குத் 'தூசி' என்று பேர் வைத்திருக்கிறான்... அங்கேகூட அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனசில்லை.