பதினோராவது கட்டளை

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பாஸ்கல், ராயபுரத்துப் பிள்ளைகளைக் கரையேற்றும் பொறுப்பையும் தானாகவே ஏற்றுக்கொண்டிருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் கூடத்தில் கல்லூரிச் செலவு, சம்பளம், சேமிப்பு என்று வகுப்பெடுப்பார். பத்துக் கட்டளைகளோடு அவர் சேர்த்த பதினோராவது: "பெத்த அப்பன் கேட்டாகூட ஜாமீன் கையெழுத்து போடாத!"

மகள் ஜானட்டுக்கு நர்சிங் இடம் கிடைத்தது. கல்விக் கடனுக்கு வெளியாள் ஜாமீன் கேட்டது வங்கி. மற்ற பழைய மாணவர்கள் எல்லோரும் கைவிரித்தபின், நல்ல வேலையிலிருந்த ரெஜியிடம் போனார்.

"இன்னா அங்கிள், டெஸ்ட் வெச்சிக்கினு கீறீங்களா? நீங்க சொல்லிக்குடுத்தத மறந்துருவனா நானு?" என்று பெருமையாகச் சிரித்தான் ரெஜி.

கல்லூரியின் கெடு முடிந்தது. ஜானட் இப்போது வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் சேலை மடிக்கிறாள். வகுப்பு மட்டும் தொடர்கிறது. ஒரு பிள்ளைகூடப் பாடத்தை மறக்கவில்லை என்பதில் பங்குத் தந்தைக்குப் பரம திருப்தி.