இடுப்பில் தெரிந்த துப்பாக்கி

என் கணவர் ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர். அங்கேயே அவருக்குக் காது போய்விட்டது. ஊருக்கு வந்த பிறகு ஒரு நகைக்கடைக்குக் காவலுக்குப் போனார். அதற்காக உரிமம் வாங்கி ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தார். வேலையை விட்ட பிறகு அது பீரோவில் கிடந்தது. தேர்தல் வந்தால் மட்டும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கி வருவார்.

இந்தத் தடவை நானும் கூடப் போனேன். திருச்செங்கோட்டுக்குப் பஸ். துப்பாக்கியை அவர் சட்டைக்குள் இடுப்பில் செருகியிருந்தார். தோட்டாக்களும் உரிமமும் என் கைப்பையில் இருந்தன. பஸ் இரைச்சல் தாங்காமல் காது மெஷினைக் கழற்றி பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

எனக்கு மட்டும்தான் உட்கார இடம் கிடைத்தது. அவர் முன்னால் தள்ளி நின்றார். ஒரு வளைவில் மேல்கம்பியை எட்டிப் பிடித்தபோது சட்டை ஏறிவிட்டது போலிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அவர் பக்கத்து சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த பெண் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறாள்.

தேர்தலுக்காக வண்டிகளைச் சோதிக்கும் போலீஸ்காரர்கள் வழியில் நின்றிருந்தார்கள். டிரைவர் அங்கே ஓரங்கட்டினார். கண்டக்டர் இறங்கிப் பேசினார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் எஸ்.ஐ.யும் ஒரு ஏட்டும் பின்வாசல் வழியாக ஏறினார்கள்.

“கம்பியப் பிடிச்சு நிக்கிறவரு, ரெண்டு கையையும் தூக்குங்க” என்றார் எஸ்.ஐ.

என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டு இன்னும் சத்தமாகச் சொன்னார். எஸ்.ஐ.யின் கை தன் இடுப்புத் துப்பாக்கிமேல் போயிற்று. வண்டி ஏன் நிற்கிறது என்று கேட்க இவர் நினைத்தாரோ என்னவோ, அதே நேரம் இவர் கையும் மெஷினைத் தேடி பாக்கெட் பக்கம் இறங்கியது.

நான் எழுந்துவிட்டேன். “அவருக்குக் காது கேக்காதுங்க சாமி. பட்டாளத்துல இருந்தவருங்க. லைசென்ஸ் எங்கிட்ட இருக்குதுங்க.”

எஸ்.ஐ. என்னைத் திரும்பிப் பார்த்தார். தன் துப்பாக்கியிலிருந்து கையை எடுத்தார். கீழே இறங்கி, சுற்றிப் போய் முன்வாசல் வழியாக ஏறி, இவர் கண்ணெதிரே நின்றார். வெறுங்கைகள் இரண்டையும் விரித்துக் காட்டி மெதுவாக மேலே தூக்கினார். இவரும் அப்படியே தூக்கினார்.

எஸ்.ஐ. இவர் இடுப்பைக் காட்டி, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சைகை செய்தார். இவர் தலையாட்டினார். எஸ்.ஐ. அதை எடுத்து, தரையைப் பார்த்துப் பிடித்து, குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஏட்டிடம் கொடுத்தார். அப்போதும் இவர் கையை இறக்கவில்லை. எஸ்.ஐ.யே இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

குழந்தைக்காரப் பெண் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். “தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. கொழந்தைய வெச்சுட்டுப் பயந்துட்டேனுங்க.”

“நீ சொன்னதுதான் சரி கண்ணு” என்றேன்.

எஸ்.ஐ. எங்களைத் தன் ஜீப்பிலேயே ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். “இனிமே பெட்டியில பூட்டிக் கொண்டு வாங்கம்மா. நீங்க மட்டும் எந்திரிக்கலீன்னா நான் என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியல” என்றார். துப்பாக்கியை ஒப்படைத்தோம்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவர் மெஷினை மாட்டவில்லை. என் காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “எனக்குப் பயமா இருந்துச்சு புள்ள.”

முன்சீட்டில் இருவர் திரும்பினார்கள். மெதுவாகப் பேசச் சொல்லி அவர் தொடையைத் தட்டுவது என் வழக்கம். அன்று தட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

“தேர்தல் முடிஞ்சாலும் அத வாங்கப் போறதில்ல” என்றார், அதே சத்தத்தில்.

போகவும் இல்லை.