பசு அசை போடாத நாள்

காலையில் தொழுவத்துக்குப் போனதுமே எனக்குத் திக்கென்றது. எங்கள் பசு படுத்திருந்தால் வாய் சும்மா இருக்காது, அசை போட்டுக்கொண்டே கிடக்கும். அன்றைக்கு வாய் அசையவேயில்லை. இடது பக்க வயிறு உப்பியிருந்தது. அதுவோ நிறைமாதச் சினை.

“நேத்து என்ன போட்டீய?” என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். பட்டாளத்தில் இருந்து வந்தவர், யாருக்கும் பயப்படாதவர், தரையைப் பார்த்தார்.

“குத்தாலத்துல பலாப்பழம் ஒண்ணு வாங்குனேன். தோலோட சுளையோட போட்டுட்டேன்.”

“முழுசுமா?”

கொஞ்சம் தயங்கி, “முழுசுந்தான்” என்றார்.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவருக்குச் சுகர். வீட்டில் சீனி வாங்குவதையே நான் நிறுத்திவிட்டேன். சீசன் வந்தால் மட்டும் பழம் வாங்காமல் இவருக்குக் கை நிற்காது.

சாரலில் நனைந்துகொண்டே மாட்டு டாக்டர் வந்தார். “அண்ணாச்சி, வைக்கோலை மாடு தானா செரிக்கல. அது வயித்துக்குள்ள இருக்குற கண்ணுக்குத் தெரியாத கிருமிகதான் செரிச்சுக் கொடுக்குது. இவ்வளவு இனிப்பு மொத்தமா போனா உள்ள புளிச்சுப் போவும்லா?” என்றார். ஊசி போட்டு, சோடா உப்பைக் கரைத்து ஊற்றினார். “அசை போட்டுட்டுன்னா பொழைச்சுக்கிடும்.”

அதன்பிறகு என்னால் உட்கார முடியவில்லை. அடுப்படிக்கும் தொழுவத்துக்குமாக நடந்தேன். சோறு அடிப்பிடித்தது. அவர் பசுவின் பக்கத்தை விட்டு நகரவில்லை.

“சுகர் மாத்திரை போட்டாச்சுல்லா, வந்து சாப்பிடுங்க.”

“அது பட்டினி கெடக்கு. நான் எப்படிட்டி திங்க?”

சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது அவருக்குச் சட்டையெல்லாம் வேர்வை. கை நடுங்கியது, பேச்சு குழறியது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாததில் சுகர் இறங்கிவிட்டது. இனிப்பு வேண்டும், உடனே வேண்டும். டப்பா டப்பாவாகத் திறந்தேன். ஒரு பொட்டுச் சீனி இல்லை. என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

“பிரிட்ஜுல...” என்றார். “தயிருக்குப் பின்னால.”

மூடி போட்ட கிண்ணத்தில் நான்கு பலாச்சுளைகள் ஒளிந்திருந்தன. கொட்டையை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக அவர் வாயில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நடுக்கம் மெல்ல அடங்கியது. மூன்றாவது சுளையை மெல்லும்போது கண்ணைத் திறந்தவர், வாய் நிறைய சுளையோடு எனக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

பசுவின் தாடை அசைந்துகொண்டிருந்தது. யார் வாயைப் பார்ப்பது என்று தெரியாமல் நான் அழுதேன்.