பூவாயிக்குக் கிடைத்த மூன்று வருஷம்

வைத்திக்குப்பத்துப் பூவாயிக்கு எல்லை என்பது மூங்கில் தடுப்பு போட்ட ஒரு சுங்கச்சாவடிதான். இந்தப் பக்கம் புதுச்சேரி, பிரெஞ்சுக்காரன் மண். தடுப்பைத் தாண்டினால் கோட்டக்குப்பம், இங்கிலீஷ்காரன் மண். ஒருவன் போலீஸ் அடுத்தவன் மண்ணுக்குள் கால் வைக்க முடியாது. பன்னிரண்டு வருஷமாகத் தலையில் மீன்கூடையோடு அவள் அதைத் தாண்டிச் சந்தைக்குப் போய் வந்தாள். சாவடிச் சேவகர்களே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

அவளுக்குப் பதினாலு வயசில் அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போனார்கள். தம்பி கன்னியப்பனுக்கு அப்போது ஐந்து வயசு. பெண் கேட்டு வந்த பாவாடையிடம், "எந்தம்பியும் என்னோடதான் வருவான்" என்று சபையிலேயே சொன்னாள். பாவாடை ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டதை அதற்கப்புறம் அடிக்கடி சொல்லியும் காட்டினான். பெற்ற இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. கன்னியப்பன் ஒருவன்தான் அவளுக்கு.

1934 பங்குனியில் ஒருநாள் கன்னியப்பன் சட்டை கிழிந்து வீட்டுக்கு வந்தான்.

"இன்னாடா இது?"

"ஒண்ணுமில்லக்கா. கோட்டக்குப்பம் கரையில வல சிக்கிக்கிச்சி. கலியமூர்த்தி சண்டைக்கு வந்தான். அவனாத்தான் வுழுந்தான். தூக்கினு பூட்டாங்க."

குப்பத்தில் வலைச் சண்டை புதிதல்ல. பூவாயி சட்டையைத் தைத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் மீன் நிறையப் பட்டது; இரண்டாவது கூடையைத் தூக்கிக்கொண்டு அவனும் அவளோடு சந்தைக்குப் போனான். தலையில் அடிபட்ட கலியமூர்த்தி முந்தின நாள் சாயங்காலமே ஆஸ்பத்திரியில் செத்துப்போனது இருவருக்கும் தெரியாது.

கூடையை இறக்கி மீனைப் பரப்பும்போது இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள்.

"கன்னியப்பன் நீதானே? வாரண்டு இருக்கு. நட."

ஒருவன் அவன் கையைப் பிடித்து முறுக்கினான். தம்பி வலியில் முனகியது பூவாயிக்குக் கேட்டது. அதற்குமேல் அவள் எதையும் யோசிக்கவில்லை. கூடையோடு மீனை ஒருவன் முகத்தில் கொட்டினாள். பிடித்திருந்தவன் மணிக்கட்டைக் கடித்தாள். பிடி தளர்ந்தது.

"ஓட்றா! சாவடியத் தாண்டி ஓட்றா!"

அவன் ஓடினான். துரத்தப் போனவனின் காலைக் கட்டிக்கொண்டு அவள் மண்ணில் கிடந்தாள். தம்பி மூங்கில் தடுப்புக்குள் குனிந்து நுழைந்து அந்தப் பக்கம் நிமிர்ந்ததைப் பார்த்த பிறகுதான் விட்டாள். கைவிலங்கு மாட்டும்போது அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததாகச் சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

கொலைக் கேஸ் என்பது ஸ்டேஷனில்தான் அவளுக்குத் தெரிந்தது. வக்கீல் ராஜாங்கம் விவரம் சொன்னார். இன்னொருத்தனைப் பிடிக்கவிடாமல் தடுத்தால் சாதாரணமாக இரண்டு வருஷத்துக்கு மேல் போகாது. பிடிபட வேண்டியவன் தூக்குக்குரிய கேஸில் இருந்தால் ஏழு வருஷம் வரை போகலாம்.

"எனக்குத் தெரியாது சாமி. வலச் சண்டைன்னுதான் நெனச்சேன்."

"அதையே சொல்லிப் பாக்குறேம்மா" என்றார் அவர்.

சொன்னார். ஜட்ஜ் அதற்காக இரக்கப்பட்டதாகவே தீர்ப்பில் இருந்தது. மூன்று வருஷம் கடுங்காவல் கொடுத்து வேலூர் ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

செய்தி குப்பத்துக்கு வந்த மறுநாள் கன்னியப்பன் தானாகவே சாவடியைத் தாண்டிப் போய் போலீஸில் நின்றான். "என்ன எடுத்துக்குங்க, எங்கக்காவ வுட்டுடுங்க" என்றானாம். அவனை எடுத்துக்கொண்டார்கள். வழக்கு நடந்தது. படகு விளிம்பில் கால் இடறித்தான் விழுந்தான் என்று செத்தவனின் சொந்தக்காரரே சாட்சி சொன்னார். கன்னியப்பன் விடுதலையானான்.

ஜெயிலுக்கு வந்து கம்பிக்கு வெளியே நின்று சொன்னான்:

"யக்கா, என்ன வுட்டுட்டாங்க. நான் செய்யலன்னு ஜட்ஜே சொல்லிட்டாரு."

"அப்ப நானும் வந்துடலாமில்ல?"

"வக்கீலக் கேட்டுட்டு வரேங்கா."

அன்றிலிருந்து பூவாயி தன் சேலையை மடித்துத் தயாராக வைத்திருந்தாள். வார்டர் யார் பெயரைக் கூப்பிட்டாலும் எழுந்து நின்றாள். பத்தாம் நாள் ராஜாங்கமே வந்தார்.

"பூவாயி, கேளும்மா. புடிக்க வந்தப்போ அவன் பேர்ல கொலைக் கேஸ் இருந்திச்சி. வாரண்டும் சரியான வாரண்டுதான். தடுத்தது உன்னோட தனிக் குத்தம். அவன் கேஸ் முடிஞ்சதால உன்னுது முடியாது."

"குத்தமே செய்யாதவனத்தானே சாமி காப்பாத்துனேன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவனப் புடிச்சினு போவ வுட்டிருந்தாலும் அவன் வெளியதாம்மா வந்திருப்பான். நீயும் வீட்ல இருந்திருப்ப."

ஆறுதலுக்கென்றுதான் அதைச் சொன்னார். பூவாயி அன்றைக்குச் சோறு வாங்கப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் வார்டர் திட்டி அனுப்பியதால் போனாள்.

நன்னடத்தைக்காகத் தண்டனையில் சில மாசம் கழித்துக்கொண்டு, 1936 கடைசியில் அவளை விட்டார்கள். வீட்டு வாசலில் லட்சுமி என்றொருத்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பாவாடை உள்ளேயிருந்து வந்து, தலை குனிந்து, "நீ எப்ப வருவியோன்னு..." என்று இழுத்தான். பூவாயி வாசலிலிருந்தே திரும்பிப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

கன்னியப்பனும் இல்லை. அக்காளை ஜெயிலில் வைத்துவிட்டுச் சுற்றுகிறான் என்ற பேச்சைத் தாங்காமல் ஐந்து மாசம் முன்பே சைகோனுக்குக் கப்பலேறிவிட்டான். பக்கத்து வீட்டு அங்கம்மாள்தான் இதைச் சொன்னாள். தன் வீட்டுச் சார்ப்பில் படுக்க இடமும் கொடுத்தாள்.

பூவாயி அப்புறம் எல்லை தாண்டாமல், புதுச்சேரிக்குள்ளேயே சாரம் பக்கம் கருவாடு விற்கப் போனாள். சிவப்புத் தொப்பிப் போலீஸ் எதிரில் வந்தால் கூடையை இறக்கிவிட்டு, அவர்கள் கடந்து போகும்வரை ஓரமாக நிற்பாள். சைகோனிலிருந்து கடுதாசி எதுவும் வரவில்லை. "வந்தாலும் படிக்கிறதுக்கு ஆளத் தேடணும்" என்று அங்கம்மாளிடம் ஒருமுறை சொன்னாள்.