மேல்மாடிக்கு விட்ட கம்பி

கல்முனைக்குடி ஒழுங்கைகளில் நடந்து பார்த்தால், கூரைக்கு மேலே கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற வீடுகளை எண்ணி முடிக்க முடியாது. காசு முடிந்து பாதியில் விட்ட வீடுகள் என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். அப்படியில்லை. அந்தக் கம்பி அடுத்த மகளுக்கு. இந்த ஒழுங்கையில் நிற்கிற கம்பியில் பாதியை நான்தான் கட்டினேன். என் பெயர் அபுல் ஹஸன், முப்பத்தெட்டு வருஷமாக மேசன். சீனிமுகம்மது வீட்டுக் கம்பியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கிருக்கிறது.

சீனிமுகம்மது மீன் வியாபாரி. கடை கிடையாது. விடியும் முன் கரைக்குப் போய் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியில் ஐஸ் போட்டு, சவளக்கடை வரைக்கும் கொண்டுபோய் விற்பான். அவன் ஹோர்ன் சத்தத்துக்கு அந்த ஊரில் மனிதர்களுக்கு முன் பூனைகள் வந்து நிற்கும். நிறுவையில் ஒரு மீன் கூடப் போடுவானே தவிரக் குறைக்க மாட்டான். யாராவது முகம் சுளித்தால் தாங்க மாட்டான். அந்தக் குணந்தான் அவனைத் தின்றது.

அவனுக்கு இரண்டும் பெண். மூத்தவள் றிப்னா, இளையவள் அஸ்பியா. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவர் வருவதற்கு வீடு வேண்டும், அதன் உறுதிப் பத்திரம் பெண்ணின் பேரில் இருக்க வேண்டும். ஆண்பிள்ளை பெற்றவன் காலை நீட்டிப் படுப்பான். பெண்பிள்ளை பெற்றவன், அது தொட்டிலில் கிடக்கும்போதே சீமெந்து விலை விசாரிப்பான். சீதனம் கூடாது என்று பள்ளிவாசலில் பயான் நடக்கும்போது எல்லோரும் தலையை ஆட்டுவோம். வெளியே வந்து செருப்பை மாட்டுகிறபோதே, எந்த வீட்டில் எத்தனை அறை கொடுத்தார்கள் என்ற கதை தொடங்கிவிடும். எங்களை என்ன செய்தால் தகும்?

சுனாமியில் அவனுடைய கரையோர வீடு போனது. அதன் பிறகு மனைவி பாத்தும்மாவின் நகைகளையெல்லாம் விற்று, உள்பக்கமாக ஆறு பேர்ச் நிலத்தில் ஒரு வளவு வாங்கினான். ஒரு கூடத்தையும் இரண்டு அறைகளையும் நான் கட்டிக் கொடுத்தேன். இரண்டு பெண்ணுக்கும் ஆறு பேர்ச்சைப் பிரித்தால் ஆளுக்கு ஒரு கோழிக்கூடுதான் மிஞ்சும். ஆகவே நான்தான் யோசனை சொன்னேன், கூரைக்குக் கொங்கிறீட் போடுவோம், தூண் கம்பியை மேலே விட்டுவிடுவோம், கீழ் வீடு மூத்தவளுக்கு, மேல்மாடி இளையவளுக்கு என்று. மாடிப்படிக்குப் பின்வளவில் இடம் விட்டேன். அந்த இடத்தில் தாய் தகப்பன் தங்க, தகரம் போட்ட ஓர் அறையும் தற்காலிகமாக எழும்பியது. இளையவளுக்கு மாடி கட்டும் நாளில் தகர அறையை உடைத்துப் படி வைப்பது, பெற்றவர்கள் அவளோடு மேலே போய் இருப்பது. இதுதான் கணக்கு. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

2010இல் றிப்னாவுக்குச் சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளை மசூர், பிரதான வீதியில் ஒரு துணிக்கடையில் வேலை. உறுதி எழுத நொத்தாரிஸ் வீட்டுக்கே வந்தார். எழுதத் தொடங்கும் முன் அவர் தலையைத் தூக்கி, மேல் பகுதியை இளைய மகளுக்கு ஒதுக்கி எழுதட்டுமா என்று கேட்டார். நல்ல மனிதர், கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். அப்போது மசூரின் தாய் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார்.

"அப்ப பாதி வீடுதானா குடுக்கிற?"

சீனிமுகம்மதுவின் முகம் கறுத்துப் போனது. அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். அவன் தொடையில் தட்டி, முழுசா எழுது மச்சான், உன் மகள்தானே, எங்கே போகப் போகிறாள் என்று சொன்னேன். மசூரும் அந்த இடத்திலேயே எல்லோரும் கேட்க, மேலே தங்கச்சிக்குத்தான் மாமா, அதற்கு எழுத்து எதற்கு என்றார். பொய்யாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் மனமாரத்தான் சொன்னார்.

முழுதாக எழுதினார்கள். மேல்தளம், பின்வளவு, தகர அறை எல்லாம் றிப்னாவின் பேருக்குப் போனது.

அஸ்பியாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. மேலே நிற்பது அவளுடைய வீடு என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அவளும் பிடித்துக்கொண்டாள். மழைக்குக் கம்பி துருப்பிடிக்கும் என்று நான் சொன்னதைக் கேட்டு, கலியாண வீட்டில் குடித்துப் போட்ட சோடாப் போத்தல்களையெல்லாம் பொறுக்கிக் கழுவி, ஏணி வைத்து ஏறி, கம்பிக்கு ஒன்றாகக் கவிழ்த்து வைத்தாள். ஒன்பது தூண், முப்பத்தாறு கம்பி. ஒவ்வொரு மாரி மழைக்கு முன்பும் தகப்பன் ஏறிக் கிறீஸ் பூசுவான், அவள் பழைய போத்தலை எறிந்துவிட்டுப் புதியதை வைப்பாள். வேறு வீடுகளில் கம்பி துருவேறிப் பொரிந்து உதிர்ந்து போய்விட்டது. அவள் கம்பி புதிதாகவே நின்றது.

மேலே ஒரு கல்லும் ஏறவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். சீனிமுகம்மது சும்மா இருக்கவில்லை. கையில் கொஞ்சம் சேரும்போதெல்லாம் ஐம்பது, நூறு என்று சீமெந்துக் கல் வாங்கி மதிலோரம் அடுக்கினான். சேர்த்ததைப் பாத்தும்மாவின் சத்திரசிகிச்சை ஒருமுறை தின்றது. பெற்றோல் வரிசையில் நாட்டையே நிறுத்தி வைத்த வருஷத்தில், அவன் மோட்டார் சைக்கிள் மூலையில் கிடந்தது, மிச்சமும் போனது. அந்த வருஷம் சீமெந்து மூட்டை விலையைக் கேட்டுவிட்டு நான் கடைக்காரனோடு சண்டை பிடித்தேன், அவன் மேல்தான் தவறு என்பது போல. இதற்கிடையில் நிலம் என்றொரு பிசாசு வேறு. வெளிநாட்டுக் காசு வந்து விழ விழ, ஒழுங்கைக்குள் பேர்ச் விலை ஏறிக்கொண்டே போனது. மேற்கே வயலில் கிறவல் மண் கொட்டி நிரப்பி, அதையும் வீட்டுத் துண்டென்று விற்கிறார்கள். மழை பெய்தால் தவளை குடியிருக்கிற அந்தத் துண்டைக்கூட சீனிமுகம்மது விசாரித்துப் பார்த்தான். தரகர் சொன்ன விலையைக் கேட்டவன், அப்படியே மோட்டார் சைக்கிளைத் திருப்பிவிட்டான்.

அஸ்பியா முன்பள்ளி ஆசிரியையானாள். வயது இருபத்தெட்டாகிவிட்டது. சென்ற வருஷம் சாய்ந்தமருதிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஹாதிக், பாடசாலை ஆசிரியர். பெண்ணைப் பிடித்துப் போனது. காசு, நகை எதுவும் கேட்கவில்லை, ஹாதிக்கின் மாமா வந்து கூரையைப் பார்த்து, கம்பி நல்லாயிருக்கு, மாடியை மெல்ல மெல்ல நாங்களும் சேர்ந்து கட்டுவோம் என்றுகூடச் சொன்னார். இந்தக் காலத்தில் அப்படிச் சொல்கிற மனிதர் எங்கே கிடைப்பார்? பிறகு ஒன்றே ஒன்று கேட்டார், உறுதி யார் பேரில் இருக்கிறது என்று. மேல் பகுதியைப் பெண்ணின் பேருக்கு மாற்றிவிட்டுச் சொல்லியனுப்புங்கள் என்று எழுந்தார்.

அன்று அஸர் தொழுதுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு சீனிமுகம்மது மூத்த மகளின் குசினிக்குப் போனான். உறுதி எழுதிய அன்றைய பேச்சுக்கு நான் சாட்சியல்லவா. றிப்னா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய மூத்த மகள் ஸஹ்றா கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தை பாயில் கிடந்தது, அதுவும் பெண். தகப்பன் விஷயத்தைச் சொன்னான். அவள் சத்தம் போடவில்லை, கீரையை ஒதுக்கி வைத்தாள்.

"வாப்பா, நான் மாட்டன் எண்டு சொல்லல்ல. எனக்கொரு வழி சொல்லுங்க. ஸஹ்றாவுக்குப் பதினாலு வயசாயிட்டு. நாளைக்கு அவளக் கேட்டு ஆள் வந்தா நான் எங்க வீட்டக் காட்டுற? இவர்ர சம்பளத்துக்கு இந்த ஊருல ஒரு பேர்ச் எடுக்க ஏலுமா? ஒங்களுக்கு ஒங்கட மகள். எனக்கு என்ட மகள்."

நான் பொறுக்கமாட்டாமல் வாசலுக்கு வந்து, அப்போதுதான் கடையிலிருந்து வந்திறங்கிய மசூரைப் பிடித்தேன். அன்று சபையில் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

"சொன்னதான் மாமா, இல்லையெண்டு சொல்லல்ல. அண்டைக்கு ஒரு பேர்ச் ஒண்டர லெச்சம். இண்டைக்குப் பதினெட்டு. நான் ஓம் எண்டது அந்த விலைக்கு."

கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த மனிதனின் கண்ணும் கலங்கியிருந்தது. கெட்டவன் ஒருத்தன் இருந்தால் திட்டித் தீர்க்கலாம். இங்கே யாரைத் திட்டுவது?

சீனிமுகம்மது வெளியே வந்தான். அவ கேட்டதில பிழையில்ல மச்சான், நானும் இதைத்தானே செய்திருப்பேன் என்று மட்டும் சொன்னான். ஹாதிக் வீட்டார் ஹஜ்ஜுப் பெருநாள் கழியும் வரைக்கும் பொறுத்தார்கள். அதன் பிறகு மருதமுனையில் மாடி வீட்டோடு ஒரு பெண்ணை முடித்தார்கள். அந்தக் கலியாண அழைப்பிதழ் எனக்கும் வந்தது, நான் போகவில்லை. அஸ்பியா அழுததாக யாரும் சொல்லவில்லை. அந்த மாரிக்கு முன் அவள் போத்தல் மாற்ற மேலே ஏறவில்லை என்று பாத்தும்மா சொன்னா, சொல்லிவிட்டு அவதான் அழுதா.

இந்த மாசி மாதம் மசூர் என்னைத் தேடி வந்தார். கடன் கிடைத்திருக்கிறதாம், விலை இன்னும் ஏறும் முன் ஸஹ்றாவுக்காக மாடியைத் தொடங்க வேண்டுமாம். நான் வேறு மேசனைப் பாருங்கள் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன். ஏனென்றால் படிக்கு இடம் எதுவென்று எனக்குத் தெரியும். நானே வரைந்த படம். படி வைக்கத் தகர அறையை உடைக்க வேண்டும். மாடி இளையவளுக்கென்றால் பெற்றவர்கள் மேலே போயிருப்பார்கள். இப்போது அவர்கள் எங்கே போவார்கள்?

மறுநாள் சீனிமுகம்மதுவே என் வாசலில் வந்து நின்றான்.

"நீயே ஒடை மச்சான். வேறவன் வந்தா தகரத்த நெளிச்சிப் போடுவான். எனக்கு அது வேணும்."

சவளக்கடையில் அவனிடம் மீன் வாங்கும் பவிதரன் என்ற விவசாயி, வயலோரமாக ஒரு சின்ன வீட்டை வாடகைக்குத் தந்திருக்கிறார். குசினிக்குக் கூரையில்லை, அதற்குத் தகரம் வேண்டும். முன்னறையில் இருங்கள் வாப்பா என்று றிப்னா காலைப் பிடிக்காத குறையாக அழுதிருக்கிறாள். அஸ்பியா அந்த முன்னறைக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள், அவளைத் தனியே விட்டுவிட்டு இவர்கள் எப்படி இருப்பார்கள்? அறுபது வயதில், மீன் கொண்டுபோய் விற்ற ஊரிலிருந்து அவன் இனி விடியும் முன் கரைக்கு வர வேண்டும்.

போனேன். தகரத்தை ஆணி ஆணியாகக் கழற்றினேன். சீனிமுகம்மது கீழே நின்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினான். மதிலோரக் கல்லுக்கு விலை சொல்லுங்கள் என்று மசூர் கேட்டதற்கு, பேத்திக்குத்தானே, சும்மா எடுங்கள் மருமகன் என்றான். பதினைந்து வருஷத்துக் கல். அறைச் சுவர் விழுந்தபோது பாத்தும்மா முகத்தைத் திருப்பிக்கொண்டா.

பிறகு நான் மேலே ஏறினேன். எனக்கு முன்பே அஸ்பியா அங்கே ஒரு சாக்கோடு நின்றாள். கம்பியிலிருந்து போத்தல்களை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். ஸஹ்றாவும் ஏறி வந்து எடுத்துக் கொடுத்தாள், பாவம், அந்தப் பிள்ளைக்குச் சாச்சியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. மசூர் தூண்களைச் சுற்றிப் பார்த்து, கம்பி நன்றாகத்தான் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். பின்பு என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மாமா, இதுக்கும் கொங்கிறீட் கூரை போட்டு, மேல கம்பிய விட்டுடுங்க. எங்கட சின்னவளுக்குத் தேவைப்படும்."

அப்படியென்றால் இப்போதே எழுதி வையுங்கள், ஸஹ்றாவுக்கு எழுதும் உறுதியிலேயே மூன்றாம் தளம் சின்னவளுக்கென்று எழுதி வையுங்கள் என்றேன். மசூர் கூரையின் விளிம்புவரை போய்த் திரும்பி வந்தார். ஸஹ்றாவுக்கு வருகிற மாப்பிள்ளை வீட்டார் அதற்கு என்ன சொல்வார்களோ தெரியாதே மாமா, பிறகு பார்ப்போம் என்றார்.

அஸ்பியா கடைசிப் போத்தலையும் எடுத்தாள். சாக்கின் வாயைக் கயிற்றால் கட்டி, இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தாள்.

"இத வீசிப்போடாதீங்க மாமா. முப்பத்தாறும் இரிக்கி. சின்னவள்ட கம்பிக்கு வேணும்."

சொல்லிவிட்டு ஏணியால் இறங்கிப் போனாள். கீழே சீனிமுகம்மது தகரங்களை லாண்ட்மாஸ்டர் வண்டியில் ஏற்றிவிட்டு, அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.