ஹமோங்காவின் வயது

மொன்ஸே ஊர் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண் புதிதாக வந்தவள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹமோங்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு லூசேயிடம் கேட்டாள்.

“உங்க அப்பாவுக்கு என்ன வயசும்மா?”

“அவரு என் வீட்டுக்காரர். ஐம்பத்தொண்ணு. எனக்கும் அதேதான், ஒரே வகுப்புல படிச்சோம்.”

அந்தப் பெண் கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டாள். ஹமோங்காதான் சிரித்துச் சமாளித்தான். “விடு தாயி, தலை நரைச்சா மரியாதை கூடத்தானே செய்யும்.” ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது, “நீ முன்னால போ, நான் மெதுவா வரேன்” என்றான். சந்தைத் தெருவைக் கடக்கும்வரை இருபதடி பின்னாலேயே வந்தான். லூசே திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவனுக்கு இன்னும் அவமானமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இருபத்துநாலு வருஷம் அவன் லாரி ஓட்டினான். வடக்கே சுரங்கப் பக்கம் செம்பு ஏற்றினால் தெற்கே கஸுங்குலா எல்லையில்தான் இறக்குவான். இரவெல்லாம் ஓட்டம், பகலில் ஸ்டீயரிங் மேலேயே மூன்று மணி நேரம் கோழித்தூக்கம். கண் சொக்காமல் இருக்க ஒன்று மாற்றி ஒன்றாக சிகரெட். வண்டியில் ஏறினால் இறங்குவதே இல்லை. சாலை மொன்ஸே வழியாகத்தான் போகும். வாரத்துக்கு இரண்டு தடவை, ஊர் எல்லையில் இருக்கும் மாமரத்தடியில் பத்து நிமிஷம் வண்டியை நிறுத்துவான். லூசே சாப்பாட்டுப் பெட்டியோடு காத்திருப்பாள். உள்ளே ஆறு பாட்டில் ஆரஞ்சு சோடா, வெள்ளை ரொட்டி, எண்ணெயில் பொரித்த இறைச்சி, தனியாகக் கொஞ்சம் உப்பு. சோடா பிடிக்கும் என்று ஒருநாள் சொல்லியிருந்தான். அதன்பிறகு ஒரு தடவைகூட அவள் தவறவிட்டதில்லை.

வீட்டில் அவளும் பெண் சோல்வேயும் சாப்பிட்டதெல்லாம் கொல்லைப் பூசணிக் கீரையும், வேர்க்கடலைப் பொடியும், ந்ஷிமா என்கிற சோளக் களியும். தோட்டத்துக்குத் தண்ணீர் ஓடையிலிருந்து தலைச்சுமையாக வரும். கோழி அடைந்ததும் படுத்துவிடுவாள். வேறு வழியில்லாததால் அப்படி வாழ்ந்தாள், அவ்வளவுதான். நல்லதெல்லாம் பெட்டியில் போனதாகவே நினைத்தாள். அவன் வயிறு பெருத்தபோது அண்டைவீட்டுப் பெண்கள், “சோல்வே அம்மா புருஷனை எப்படிப் பாத்துக்கிறா பாரு” என்றார்கள். லூசேவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

கால் புண் ஆறாமல் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் பாதி போயிருந்தது. வைத்தியர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகப் பேசினார்.

“உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத செல்லுங்கதான் ஐயா. அதுங்க தினமும் அடிபடும், தன்னைத்தானே பழுது பாத்துக்கும். முக்கியமா நீங்க தூங்குறப்ப. நீங்க தூங்கவே விடல. நடக்கல. சர்க்கரைக்கு மேல சர்க்கரை, புகை வேற. சீட்டுல ஐம்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கு. உள்ளே எழுபது ஆயிடுச்சு.”

“லாரிக்கு மட்டும் மாசாமாசம் ஆயில் மாத்தினேன்” என்றான் ஹமோங்கா.

“போன வயசு திரும்புமா?” என்று லூசே கேட்டாள்.

“கொஞ்சம் திரும்பும்மா. எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது.”

அன்றோடு லாரிச் சாவியைக் கொடுத்துவிட்டான். சிகரெட்டை விட மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதமும் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அறுபத்துமூன்று வயதான அண்ணன் சிமூயா பார்க்க வந்தார். பண்ணையிலிருந்து பத்து மைல், சைக்கிளில்.

“என்னடா தம்பி, என்னைத் தாண்டிக் கிழவனாயிட்டே?”

“நீ மாட்டு வாலைப் பிடிச்சிட்டு நடந்தே. நான் உக்காந்தே நாட்டைச் சுத்தினேன்.”

காலையில் லூசேவோடு ஓடைவரை நடக்க ஆரம்பித்தான். முதலில் பாதி தூரத்தில் மூச்சு வாங்கிக் கல்லில் உட்கார்ந்துவிடுவான். ஐந்தாம் மாதம் ஒரு குடம் தண்ணீரே தூக்கி வந்தான். இரவில் ஏழு மணி நேரம் தூங்கினான். பெல்ட்டில் புது ஓட்டை போடவேண்டி வந்தது. “இன்னும் ஒரு வருஷத்துல உன்னைக் கட்டிக்கிட்ட பையன் மாதிரி ஆயிடுவேன், அப்புறம் என்னைக் கண்டுக்காமப் போயிடாதே” என்றான். லூசே நம்பினாள். இருபத்துநாலு வருஷத்தில் முதல்முறையாகப் புருஷன் தினமும் வீட்டில் இருந்தான். அந்தச் சந்தோஷமே அவளுக்குத் தாங்கவில்லை.

ஏழாம் மாதம், கீரை பறித்துக்கொண்டிருந்தவன் கையிலிருந்து கூடை நழுவியது. பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துவிட்டது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பேச்சு குழறினாலும் புரிந்தது.

ஒன்பதாம் நாள் லூசேவால் அடக்க முடியவில்லை. “அந்தப் பாட்டிலெல்லாம் நான்தானே அடுக்கினேன். என் கையாலதானே குடுத்தேன்.”

அவன் வலக்கையால் அவள் கையைப் பிடித்தான். “வழியில எத்தனையோ கடை இருந்துச்சு, எத்தனையோ பொண்ணுங்க இருந்தாங்க. எங்கயும் நிக்கல. மாமரத்தடியில நீ நிப்பேன்னு ஓட்டினேன். வேற எப்படி இத்தனை வருஷம் ஓட்டியிருப்பேன்?”

அது ஆறுதலா, இல்லை இன்னும் பெரிய பாரமா என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் போய்விட்டான். குழியில் முதல் மண்ணை அண்ணன் சிமூயாதான் தள்ளினார். கடைசிவரை மண்வெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் துணியவில்லை.

நாலு வருஷம் ஆயிற்று. போன மாதம் சோல்வே வற்புறுத்தி லூசேயை அதே வைத்தியரிடம் அனுப்பினாள். அவர் ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

“நாப்பது வயசுக்காரி உடம்பும்மா உங்களுக்கு. இப்படியே இருந்தா இன்னும் முப்பது வருஷம் தாராளமா இருப்பீங்க.”

லூசே அவரை வருத்தப்படுத்த விரும்பவில்லை. ஊர் வழக்கப்படி உள்ளங்கைகளை மெல்லத் தட்டி நன்றி சொன்னாள். வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது வருஷம். அதில் பாதியை அவனுக்குக் கொடுக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால், அங்கேயே எழுதிக் கொடுத்திருப்பாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கீரைக்குத் தண்ணீர் விடவேண்டும். வீட்டைப் பார்த்து நடந்தாள்.